சங்கிலி ரம்பத்தின் ஓயாத பழுதுகள்: காரணமும் பரிகாரமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் தென்னையும் மாவும் முக்கியமான தோட்டப் பயிர்களாகும். தேவதானம், சேத்தூர் தொடங்கி மம்சாபுரம் வரை மலையை ஒட்டினாற்போல் தோப்புகள் பரவியுள்ளன. இராஜபாளையத்துச் சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மாம்பழங்களைச் சுவைத்தறியாதார் இப்பக்கத்தில் இலர். கிழக்கே கரிசல் பூமியிலோ, கண்மாய்க் கரைகளையும் தரிசு நிலங்களையும் சீமைக் கருவேல் அடைத்துக் கொண்டிருக்கிறது. ஆகவே மரத்தை வெட்டுவதும், கிளை கழிப்பதும், வேரோடு அகற்றுவதும் இவ்விரு தாலுகாக்களிலும் ஆண்டு முழுவதும் நடைபெறும் வேலைகளாகும்.

முற்காலத்தில் இவ்வேலைகள் யாவும் கோடரியாலும், இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பத்தாலும் செய்யப்பட்டன. இப்போது அவ்விடத்தைப் பெட்ரோலால் இயங்கும் சங்கிலி ரம்பம் பிடித்துக் கொண்டது. ‘செயின்சா’ என்றும், ‘மரமறுக்கும் மிஷின்’ என்றும் குடியானவர்கள் இதனை அழைக்கின்றனர். இருவர் ஒரு பகல் முழுவதும் செய்யும் வேலையை இது சிறிது நேரத்தில் முடித்து விடும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், விலை மலிவென்று வாங்கிய யந்திரம் ஒரு பருவத்துக்குள் பழுதுற்று, உதிரிச் சாமானும் கிடையாமல், தோப்பு வீட்டின் மூலையில் துருப்பிடித்துக் கிடப்பது இன்று பலர் கண்டு வருந்தும் காட்சியாகி விட்டது. இதில் யந்திரத்தை உபயோகிப்பவரின் தவறு எவ்வளவு, செலவைக் குறைக்கும் பொருட்டு உற்பத்தியாளர் செய்யும் சிக்கனத்தின் தவறு எவ்வளவு என்பதைப் பகுத்தறிந்தாலன்றி இந்நஷ்டத்தைத் தவிர்க்க இயலாது.

தோப்புகளில் இதன் அவசியம்

தென்னந்தோப்பில் பட்டுப்போன மரத்தை நிற்க விடுவதும், வீழ்ந்த மரத்தை மக்க விடுவதும் பெருந்தீங்காகும். காண்டாமிருக வண்டு மக்கிய தென்னை மரத்திலும் எருக்குழியிலும் முட்டையிட்டுப் பெருகுகிறது. சிவப்புக் கூன்வண்டு தாக்கி, மீட்க இயலாத நிலையை அடைந்த மரத்தினின்று அடுத்த தலைமுறை வண்டுகள் வெளிப்பட்டு நல்ல மரங்களை நாடிச் செல்கின்றன. கேரளத்திலும், பொள்ளாச்சி, தேனிப் பிரதேசங்களிலும் பரவியுள்ள வேர் வாடல் நோய்க்கு ஆளாகிக் காய்ப்பு அற்றுப்போன மரங்களையும் காலந் தாழ்த்தாமல் அகற்றுவதே முறை. இவ்வாறு அகற்றும் வேலை குறித்த காலத்தில் முடியாவிடின், ஒரு மரத்தின் நோய் பத்து மரங்களுக்குச் செல்லும். ஆகவே ரம்பம் பழுதுற்று நிற்பது ரிப்பேர்ச் செலவோடு நின்று போகும் நஷ்டமன்று.

மாந்தோப்பிலும் இது போன்றே. மிகவும் முதிர்ந்து, கவிகை அடர்ந்து, காய்ப்புக் குறைந்த மரங்களைத் தரையினின்று 3 அல்லது 4 மீட்டர் உயரத்தில் கழித்துப் புதுத் தளிர் விடச் செய்யும் முறை பல இடங்களில் கையாளப்படுகிறது. இவ்வேலைக்கு ரம்பம் கூர்மையாக இருத்தல் வேண்டும். மழுங்கிய ரம்பம் பட்டையைக் கிழித்து, வெட்டுவாயைப் பிசிறாக்கி விடும். அவ்விடத்தில் நீர் தங்கிப் பூஞ்சாணம் பற்றும். வெட்டுவாயின் மேல் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் என்னும் அளவில் தயாரித்த போர்டோ பசையைத் தடவினாலும், வெட்டு சீராக இராவிடில் பசை சரிவரப் பிடிப்பதில்லை.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்தின் அருகே கரையைக் கடந்த கஜா புயல் தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. விழுந்த மரங்களை அறுத்து அகற்றினால் அன்றி மறு நடவு செய்ய வழியில்லை என்ற நிலையில், சங்கிலி ரம்பத்தின் தேவையை எல்லோரும் ஒருங்கே உணர்ந்தனர். ஆபத்துக் காலத்தில் கைவிடும் யந்திரம் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

வரலாறும் அமைப்பும்

ஜெர்மனி தேசத்தில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926-இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தையும், 1929-இல் பெட்ரோலால் இயங்குவதையும் செய்தார். அக்காலத்து யந்திரங்களை இருவர் தூக்க வேண்டியிருந்தது. அவற்றின் பற்கள் சாதாரண ரம்பத்தின் பற்களைப் போன்றிருந்தமையால் விரைவில் மழுங்கின. 1946-இல் அமெரிக்காவில் ஆரகன் மாகாணத்து மரமறுக்கும் தொழிலாளியான ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு வண்டின் புழு மரக்கட்டையை வலமும் இடமுமாகக் கத்தரித்துக் குடைந்து செல்வதைக் கூர்ந்து கவனித்தார். அப்புழுவின் தாடையைப் போன்றே வளைந்த பற்களை வலமும் இடமும் மாறி மாறி அமைத்துப் புதிய சங்கிலியை உருவாக்கினார். இன்றைய சங்கிலிகள் யாவும் பெரும்பாலும் அவ்வமைப்பைத் தழுவியவையே. நம் தென்னையைக் குடையும் கூன்வண்டைச் சபிக்கும் குடியானவர், அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சி மனிதனுக்கு ஆசானாக நின்றதையும் அறிதல் நன்று.

யந்திரத்தின் அமைப்பு எளியது. ஒற்றைச் சிலிண்டர் கொண்ட இரண்டடி எஞ்சின் ஒன்று கிளட்ச் வழியாக ஸ்ப்ராக்கெட் என்னும் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சக்கரம் ‘பார்’ எனப்படும் இரும்புப் பட்டையின் விளிம்பில் சங்கிலியை ஓட்டுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றும்போது, 7 பற்கள் உள்ள சக்கரத்தில் 0.325 அங்குலப் பிட்ச் உடைய சங்கிலி, வினாடிக்கு ஏறக்குறைய 19 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இது மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர் ஆகும். இவ்வெஞ்சினில் தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலுடன் கலந்த எண்ணெயே பிஸ்டனையும் பேரிங்குகளையும் காக்க வேண்டும். இவ்வளவு வேகத்தில் ஓடும் யந்திரத்தில் சிறு உறுப்பு ஒன்று தரங்குறைந்தாலும் மற்றவை யாவும் கெடுவதற்கு அதிக நேரமாகாது.

அடிக்கடி நேரும் பழுதுகள்

முதலாவது, யந்திரம் புறப்படாமை. ஸ்டார்ட்டர் கயிறு அறுதல், அதன் சுருள்வில் முறிதல், கயிற்றுச் சக்கரத்தின் பிளாஸ்டிக் கொக்கி தேய்தல் ஆகியவை புதிய யந்திரங்களிலும் காணப்படும் குறைகள். பிளக்கில் கரி படிந்திருந்தால் துடைத்து மாட்டினால் போதும். ஆனால் அதே பழுது வாரந்தோறும் திரும்புமாயின், கார்புரேட்டரில் கோளாறு என்று கொள்ள வேண்டும். கார்புரேட்டருக்குள் மெல்லிய சவ்வு ஒன்று துடித்துப் பெட்ரோலை உள்ளிழுக்கிறது. இது விறைத்துப் போனால் யந்திரம் புறப்பட்டாலும் வேகம் பிடிக்காது.

இரண்டாவது, காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே ரப்பர்க் குழல் ஒன்று உண்டு. இது வெடித்தாலும், அதன் பட்டி தளர்ந்தாலும், எஞ்சினின் அச்சைச் சுற்றியுள்ள எண்ணெய் சீல்கள் சுருங்கினாலும் அதிகக் காற்று உள்ளே புகும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையில் எண்ணெயும் குறைந்தே இருக்கும். எஞ்சின் வழக்கத்தைவிட உரத்த குரலில், அதிக வேகத்தில் பாடும். அறியாதவர் ‘மிஷின் நன்றாக ஓடுகிறது’ என்று மகிழ்வர். சிறிது நேரத்தில் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பற்றிக்கொள்ளும். சங்கிலி ரம்பங்களுக்கு நேரும் முடிவுகளில் இதுவே மிகவும் செலவு வைப்பது.

மூன்றாவது, சங்கிலிக்கு எண்ணெய் செல்லாமை. பாருக்கு எண்ணெய் தள்ளும் சிறு பம்ப் ஒரு திருகுப் பற்சக்கரத்தால் இயங்குகிறது. அச்சக்கரத்தை இரும்பால் செய்வதற்குப் பதில் பிளாஸ்டிக்கால் செய்வது வழக்கமாகி விட்டது. கிளட்ச் சூடேறுங்கால் அதன் பற்கள் உருகியோ முறிந்தோ போகின்றன. எண்ணெயின்றி ஓடும் சங்கிலி நீல நிறமடைந்து, பாரின் விளிம்புகளை அராவி விடும்.

நான்காவது, கிளட்ச் பழுது. கிளட்ச் வில் தளர்ந்தால், விசையை விட்ட பின்னும் சங்கிலி ஓடிக் கொண்டேயிருக்கும். இது பணத்தைவிட உயிருக்கே நஷ்டம் தரும் கோளாறாகையால், கண்டவுடன் வேலையை நிறுத்துதல் வேண்டும்.

ஐந்தாவது, சங்கிலி இழுவைத் திருகின் மரை தேய்தல், பாரைப் பிடிக்கும் போல்ட்டுகள் பிளாஸ்டிக் உடலினின்று பிடுங்கிக் கொள்ளுதல், கைப்பிடியைத் தாங்கும் அதிர்வு தாங்கி ரப்பர்கள் அறுதல் முதலியன. இவை சில்லறைப் பழுதுகளாகத் தோன்றினும், ஒவ்வொன்றுக்கும் அரைநாள் வேலை கெடுவதோடு, பட்டணத்துக்குச் சென்று திரும்பும் செலவும் சேர்கிறது.

செலவுக் குறைப்பின் விளைவு

இப்பழுதுகள் பலவற்றின் வேர் ஒன்றே. நல்ல யந்திரத்தில் அச்சு சுழலும் பெட்டி மக்னீசியம் கலந்த உலோகத்தால் வார்க்கப்படுகிறது. மலிவான யந்திரத்தில் அவ்விடம் பெரும்பாலும் பிளாஸ்டிக்காக இருக்கும். நல்ல சிலிண்டரின் உட்புறம் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த பூச்சு, அல்லது கடினமான குரோமியப் பூச்சு உடையது. பூச்சு மெல்லியதாயும் சீரற்றதாயும் இருந்தால், வாயு வெளியேறும் துவாரத்தின் ஓரத்தில் அது உரிந்து பிஸ்டனைக் கீறும். சங்கிலியின் இரும்பு சரிவரப் பதமிடப்படாவிடில், அரத்தால் தீட்டிய கூர் ஒரு மரத்துக்கும் போதாது. பாரின் விளிம்பு கடினமாக்கப்படாவிடில், சங்கிலி ஒரு பக்கம் சாய்ந்து, அறுப்பு நேர்கோட்டினின்று வளைந்து போகும்.

இவற்றுள் எதுவும் கடையில் கண்ணுக்குத் தெரியாது என்பதே விவசாயியின் இக்கட்டு. பளபளக்கும் வர்ணமும், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணுமே அவர் காண்பவை. ஒரே தொழிற்சாலையில் உருவான யந்திரம் பல பெயர்களில் பல வர்ணங்களில் விற்கப்படுகிறது. ஒரு பெயர் கெட்டுப்போனால் மறு ஆண்டு வேறு பெயர் தோன்றும். அதனால் பழைய யந்திரத்துக்கு உதிரிச் சாமான் கேட்பவருக்கு, ‘அந்தக் கம்பெனி சரக்கு இப்போது வருவதில்லை’ என்னும் மறுமொழியே கிடைக்கிறது.

எஞ்சினின் கொள்ளளவு என்று பெட்டியில் அச்சிடப்படும் எண்ணையும் அப்படியே நம்புவதற்கில்லை. பிஸ்டனின் குறுக்களவும், அது மேலும் கீழும் செல்லும் தூரமும் தெரிந்தால் கொள்ளளவைக் கணக்கிடலாம். குறுக்களவு 45 மில்லிமீட்டரும், ஓட்டம் 32 மில்லிமீட்டரும் உள்ள எஞ்சினின் கொள்ளளவு ஏறக்குறைய 51 கன சென்டிமீட்டராகும். அதன் பெட்டியில் 58 என்று அச்சிட்டிருந்தால், அது பொய்யான வர்ணனையே. வாங்குபவர் இவ்விரு அளவுகளையும் கடைக்காரரிடம் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குதல் நலம்.

விலை மலிவு என்பதன் உண்மைக் கணக்கையும் ஆராய வேண்டும். ஒருவர் நல்ல யந்திரத்தின் விலையில் மூன்றிலொரு பங்கு கொடுத்து மலிவானதை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அது ஓராண்டில் கெட்டு, அடுத்த ஆண்டு ஒன்றும், அதற்கடுத்த ஆண்டு ஒன்றும் வாங்கினால், மூன்றாம் ஆண்டில் நல்ல யந்திரத்தின் விலை முழுவதும் செலவாகியிருக்கும். அவரிடம் எஞ்சியிருப்பது மூன்று பழுதுற்ற யந்திரங்கள். இடையில் ஆட்கள் வேலையின்றி நின்ற கூலியும், பருவம் தவறிய நஷ்டமும் இக்கணக்கில் சேரவில்லை.

பழுது யாருடையது?

உற்பத்தியாளரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. எண்ணெய் கலவாத பெட்ரோலை ஊற்றுதல், கண்ணளவில் எண்ணெய் கலத்தல், மாதக்கணக்கில் வைத்திருந்த கலவையை உபயோகித்தல், ஏர் பில்டரைத் தட்டாமல் ஓட்டுதல், வேரை அறுக்குங்கால் சங்கிலியை மண்ணில் பாய்ச்சுதல் ஆகியவை உபயோகிப்பவர் செய்யும் தவறுகள். பழுது நேர்ந்தால் விற்பனையாளர், ‘எண்ணெய் கலக்கவில்லை’ என்று ஒரே சொல்லில் பொறுப்பை உதறி விடுவதும், குடியானவர் மறுமொழி கூற அறியாமல் திரும்புவதும் வழக்கம். இவ்விடத்தில் பிஸ்டனே சாட்சி சொல்லும்.

சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனை நோக்கினால் கீறல் அதன் எப்பக்கத்தில் உள்ளதென்று அறியலாம். சுற்றிலும் எல்லாப் பக்கங்களிலும் ஆழமாகக் கீறியிருந்தால், எண்ணெய் கலவாத பெட்ரோல் ஊற்றப்பட்டது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். வாயு வெளியேறும் பக்கத்தில் மட்டும் கீறல் மிகுந்திருந்தால், அதிகச் சூடு, காற்றுக் கசிவு, அல்லது கார்புரேட்டர் சரிவரப் பொருத்தப்படாமை காரணமாகும். கலவை உட்புகும் பக்கம் மங்கலாகத் தேய்ந்து காணப்பட்டால், ஏர் பில்டர் வழியே தூசி புகுந்தது எனலாம். சில மாதங்களே ஓடிய யந்திரத்தில் இரண்டாம் அடையாளம் காணப்பட்டு, ரப்பர்க் குழலிலோ சீலிலோ வெடிப்பும் இருக்குமாயின், குற்றம் பெரும்பாலும் யந்திரத்தினுடையதே. உத்தரவாத காலத்தில் யந்திரத்தை வெளியிடங்களில் பிரிக்கலாகாது. விற்பனையாளரின் பட்டறையிலேயே, தம் கண்முன் பிரிக்கச் சொல்லிப் படமெடுத்து வைத்துக் கொள்ளுதல் விவேகம்.

பெட்ரோலைப் பற்றிய எச்சரிக்கை

இந்தியாவில் பெட்ரோலுடன் எதனால் என்னும் சாராயச் சத்து கலக்கப்படுகிறது. 2022-இல் நூற்றுக்கு 10 பங்காயிருந்த இக்கலப்பு 2025-இல் 20 பங்கை எட்டியது. இது கரும்பு, மக்காச்சோளம் பயிரிடுவோர்க்கு அனுகூலமானதே. ஆனால் எதனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் மிகுந்தால் அது பெட்ரோலினின்று பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எண்ணெய் மேலே நிற்கும் பெட்ரோலோடு தங்கி விடுவதால், அடியிலுள்ள திரவத்தை உறிஞ்சும் எஞ்சினுக்கு மசகின்றிப் போகிறது. எதனாலுக்கு ஏற்றதல்லாத ரப்பர்க் குழாய்களும் சவ்வுகளும் வீங்கியோ விறைத்தோ கெடும். மலிவான யந்திரங்களின் குழாய்கள் முதலில் பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, வேண்டிய அளவுக்கே கலவை தயாரித்து, ஒரு மாதத்துக்குள் உபயோகித்து விட வேண்டும். யந்திரத்தோடு வந்த கைப்பிரதியில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி லிட்டரும், 25-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி லிட்டரும் இரண்டடி எஞ்சினுக்குரிய எண்ணெயை அளவுக் குவளையால் அளந்து கலக்க வேண்டும். பல நாட்கள் வேலையில்லையெனில், தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட விட்டு, கார்புரேட்டரையும் காலியாக்கி வைக்க வேண்டும்.

தென்னைக்கும் கருவேலுக்கும் உரிய பராமரிப்பு

தென்னை மரத்தின் வெளிப்புறம் மிக வன்மையானது. அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேற்படும். உட்புறமோ 400 கிலோவுக்கும் குறைந்த மென்மையான சோறு. மேலும் அதன் நாரில் மணற்சத்து கலந்திருப்பதால், மற்ற மரங்களைவிட விரைவில் சங்கிலியை மழுக்குகிறது. சீமைக் கருவேலோ கட்டை வைரம் பாய்ந்தது. கண்மாய்க்குள் வளர்ந்த மரத்தின் பட்டையிடுக்கில் வண்டலும் படிந்திருக்கும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் சீமைக் கருவேலை அகற்றுமாறு உத்தரவுகள் பிறப்பித்தபோது, கிராமந்தோறும் இவ்வேலை நடைபெற்றதைப் பலரும் நினைவுகூர்வர். அடிமரத்தை அறுக்குமுன் மண்ணைக் கொத்தி விலக்கி, பட்டையைச் சீவி விடுவது சங்கிலியின் ஆயுளைப் பெருக்கும்.

மரத்தூள் செதிலாக விழுமாயின் சங்கிலி கூர்மையாக உள்ளது. மாவாக விழுமாயின் மழுங்கி விட்டது. மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுப்பதே எஞ்சின், கிளட்ச், பார் ஆகிய மூன்றையும் ஒருங்கே கெடுக்கும் செயல். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் ஏற்றது. ஒவ்வொரு பல்லையும் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கைத் தீட்டலாக, உட்புறமிருந்து வெளிநோக்கித் தீட்ட வேண்டும். பல பற்களைத் தீட்டிய பின், பல்லின் முன்னுள்ள ஆழக் கட்டுப்பாட்டு முனையைப் பல்லின் கூரைவிட ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக வைத்தல் போதும். அதனை மிகுதியாக அராவினால் யந்திரம் துள்ளும்.

வேலை தொடங்குமுன் பாரின் நுனியை வெளிறிய கட்டை ஒன்றின் மேல் சற்று உயர்த்திப் பிடித்து விசையை முடுக்கினால், கட்டையின் மேல் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிடில் பம்பைச் சோதிக்காமல் வேலை செய்யலாகாது. வண்டியில் வடித்த கழிவெண்ணெயைச் சங்கிலிக்கு ஊற்றுவது சிக்கனம் போல் தோன்றும். அதிலுள்ள இரும்புத் துகளும் கரியும் பம்பையும் பாரையும் அராவும். மாந்தளிர் வெட்டுவாயில் அது படிவதும் நன்றன்று. பாரை நாள்தோறும் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு விளிம்பும் சமமாகத் தேயும். சங்கிலியைக் கையால் இழுத்தால் ஓட வேண்டும்; பாரின் அடியில் தொங்கலாகாது.

உயிருக்கு ஆபத்து

பணநஷ்டம் பொறுக்கத்தக்கது. மரமறுப்பவருக்கு நேரும் காயம் அவ்வாறன்று. பாரின் நுனியின் மேற்பாதி மறைவான கிளையிலோ அடுத்த மரத்திலோ பட்டால், ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் மேல்நோக்கி எகிறி, முகத்தையோ கழுத்தையோ தாக்கும். இதனைத் தடுக்கவே கைக்காப்புப் பிரேக் அமைக்கப்பட்டுள்ளது. எகிறும்போது முன்புறக் காப்பு சாய்ந்து சங்கிலியை உடனே நிறுத்த வேண்டும். பிரேக்கின் பட்டி தரங்குறைந்ததாயிருந்தால், வேண்டிய அந்த ஒரு கணத்தில் அது அறுந்து விடும். உற்பத்தியாளர் மிச்சம் பிடித்த சில ரூபாய்க்கு ஒரு குடும்பத்தின் தலைவர் விலை கொடுக்க நேரும். அறுந்த சங்கிலியைத் தடுக்கும் முளை, விசையைத் தவறுதலாக அழுத்தாமல் காக்கும் பூட்டு ஆகியவையும் இல்லாத யந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது.

தோப்புக்குச் சொந்தக்காரர் கூலிக்கு ஆள் அமர்த்தும்போது, யந்திரம் ஆளினுடையதேயாயினும், பிரேக்கைச் சோதித்த பின்னரே மரத்தடிக்கு அனுப்ப வேண்டும். தலைக்கவசம், முகத்திரை, காதடைப்பு, கனத்த காலணி ஆகியவற்றை வாங்கி வைத்தல் பெருஞ்செலவன்று. தோளுக்கு மேல் உயர்த்தி அறுப்பதும், தனித்து வேலை செய்வதும், கயிற்றிலோ ஏணியிலோ நின்று ஒரு கையால் ரம்பத்தைப் பிடிப்பதும் அறவே தவிர்க்க வேண்டியவை.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

1. யந்திரத்தின் பெயர், மாதிரி எண், தொடர் எண், கொள்ளளவு ஆகியவை ரசீதில் குறிக்கப்பட வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கிய யந்திரத்துக்கு நியாயம் கேட்க இடமில்லை.

2. உத்தரவாத அட்டையில் கடைக்காரரின் முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். எந்தெந்த உறுப்புக்கு உத்தரவாதம் இல்லை என்பதைப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

3. வாங்கும் அன்றே கார்புரேட்டர் சவ்வு, எண்ணெய்ப் பம்ப், கிளட்ச் வில், ரப்பர்க் குழல் ஆகிய நான்கும் அக்கடையில் தனியே கிடைக்குமா என விசாரிக்க வேண்டும். கிடையாதெனில் அந்த யந்திரத்தை விட்டு விடுவதே மேல்.

4. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். விசையை விட்டதும் சங்கிலி நிற்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, எண்ணெய் தெறிக்கிறதா என்று மூன்றையும் காண வேண்டும்.

5. ஆண்டில் சில நாட்களே வேலையுள்ள சிறு விவசாயிகள் தனித்தனியே மலிவான யந்திரம் வாங்குவதைவிட, பத்துப் பேர் கூடியோ, உற்பத்தியாளர் குழுவின் மூலமாகவோ ஒரு நல்ல யந்திரத்தை உதிரிச் சாமான்களுடன் வாங்கி, பழகிய ஒருவர் பொறுப்பில் வைத்தல் சிறந்தது.

சட்டப் பரிகாரம்

பழுதான பொருளை விற்றவரிடமும் உற்பத்தி செய்தவரிடமும் நஷ்டஈடு கேட்க, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்துள்ளது. இது 2020 ஜூலை முதல் அமுலில் உள்ளது. பொருளின் குறையால் காயமோ சொத்துச் சேதமோ நேர்ந்தால் உற்பத்தியாளரைப் பொறுப்பாளியாக்கும் தனி அத்தியாயமும் இதில் உண்டு. விருதுநகர் ஜில்லா நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அமைந்திருப்பது இவ்விரு தாலுகா விவசாயிகளுக்கும் பெரிய வசதியாகும். யந்திரத்தை வெளியூரிலோ, தபால் மூலமோ வாங்கியிருப்பினும், வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திற்குரிய ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். குறை தோன்றியதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. வக்கீல் அமர்த்த வேண்டிய கட்டாயமும் இல்லை. குறையை நீக்கவோ, வேறு யந்திரம் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். அவசியமாயின் பொருளைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவும் செய்யும். வியாபார நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் ஒருவர் தம் ஜீவனத்துக்காகச் சுயதொழில் முறையில் உபயோகிக்க வாங்கியது இவ்விலக்கில் சேராது. முதலில் 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முறையிட்டுச் சமாதானமாகத் தீர்க்க முயலலாம்.

உதிரிச் சாமானும் பழுது நீக்கும் விவரமும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும் என்னும் கொள்கை பற்றி ஆராய மத்திய அரசாங்கம் 2022 ஜூலையில் ஒரு கமிட்டியை நியமித்தது. விவசாயக் கருவிகள் அக்கமிட்டி முதலில் எடுத்துக்கொண்ட துறைகளுள் ஒன்றாகும். உற்பத்தியாளரின் விவரங்களை ஓரிடத்தில் தரும் இணையதளமும் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. விவசாயிகள் தம் குறைகளை எழுத்தில் பதிவு செய்தாலன்றி இத்தகைய முயற்சிகள் வலுப்பெறா.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிருவாக அலுவலர்களும், உதவி வேளாண்மை அலுவலர்களும் இவ்விஷயத்தில் செய்யத்தக்கவை சில உண்டு. பனை மரத்தை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசாங்கம் அறிவித்ததை எல்லோரும் அறியும்படி செய்தல் வேண்டும். மலையை ஒட்டிய கிராமங்களில் மேலும் கவனம் தேவை. 1988-இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் வனம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் உள்ளது. அங்கே அனுமதியின்றி ரம்பத்துடன் நுழைவது குற்றமாகும். அவ்வணில்கள் வனத்தை ஒட்டிய தோப்பு மரங்களிலும் கூடு கட்டுவதுண்டு. ஆகவே மா, புளி மரங்களைக் கழிக்குமுன் உச்சியில் கூடு உள்ளதா என்று பார்த்தல் அவசியம்.

கிராமசபை கூடும் நாட்களில், எந்த யந்திரம் எத்தனை மாதம் உழைத்தது, எந்த உறுப்பு முதலில் பழுதாயிற்று, உதிரிச் சாமான் கிடைத்ததா என்று விவசாயிகள் சொல்வதை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்து வாங்குபவருக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை. ஒருவர் பட்ட நஷ்டம் ஊருக்குப் பாடமாகும்.

உற்பத்தியாளர் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு காசும் யாரோ ஒருவர் கையினின்று போகத்தான் வேண்டும். வாங்குபவர் கேள்வி கேளாதவரை அது விவசாயியின் கையினின்றே போகும். ரசீதைக் கேட்டு வாங்கி, பிரேக்கைச் சோதித்து, எண்ணெயை அளந்து கலந்து, அரத்தை முறையாகப் பிடிப்பவரின் ரம்பம் பல ஆண்டு உழைக்கும். இவ்வளவு செய்தும் பழுதாயின், ஸ்ரீவில்லிபுத்தூரில் முறையிட இடமுண்டு.